காத்திருப்பு அறைக்கு முந்தைய காத்திருப்பு அறை

ஜூன் 10, செவ்வாய்

காலையில் கவுண்ட்டரைத் திறப்பதற்குள் கோப்புகள் என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டன. எங்கள் வட்டார அலுவலகத்தில் வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, கோப்புகள்தான் நிற்கும். விடிந்ததும் வந்து கோப்பை மேஜைமேல் வைத்துவிட்டு ஆள் டீ குடிக்கப் போய்விடுவார். முதலில் வந்தவர் கோப்பு அடியில், கடைசியாக வந்தவர் கோப்பு உச்சியில். அதனால் அடுக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பக்கத்து நாற்காலி அஞ்சாருக்கு இது இன்னும் புரியவில்லை. அவன் மேலேயிருந்து எடுப்பான். கோழி கூவும்போதே வந்தவர்கள் மாலைவரை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். இது ஜாவாத் தீவின் சோலோ நகரம். இங்கே யாரும் சத்தம் போடமாட்டார்கள், மனசுக்குள்ளேயே சபிப்பார்கள்.

கெளுத்தி மீன் வறுத்து விற்கும் ரோஜிகின் இன்றும் வந்திருந்தார். பிறந்த குழந்தையின் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்க்க நடக்க ஆரம்பித்தவர். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது.

"மேடம், இன்னிக்காவது முடியுங்களா?"

"நெட்வொர்க் கோளாறுங்க. நாளைக்கு வாங்களேன்."

அதற்கென்றே ஒரு பலகை வைத்திருக்கிறோம். டீ நேரம், சாப்பாட்டு நேரம், யாருக்காவது பிறந்தநாள் என்றால் அதை எடுத்து வைப்போம். நிஜமாகவே நெட்வொர்க் கோளாறானால் அதை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றாது.

மதியம் வூரி அக்காவின் போன். "லாரஸ், உட்காந்துக்கிட்டிருக்கியா?"

"அரசாங்க வேலைக்கா. உட்காந்துதான் இருப்பேன்."

"சாண்டால் செலென் மறுபடியும் சேர்றாங்கடி!"

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சாண்டால் செலென் என்றால் ஜோடி மாறிய செருப்பு. பள்ளிக்கூட நாட்களில் எங்கள் இருவருக்கும் உயிரான பாட்டுக்குழு. அவர்கள் சோலோவுக்கு வந்தபோதெல்லாம் அப்பா விடவில்லை. அப்பா விடும் வயசு எங்களுக்கு வந்தபோது அவர்கள் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள். இப்போது ஆகஸ்டில், லாவு மலையடிவாரத்தில், தவாங்மாங்குவில் நடக்கும் 'கெமா லாவு' இசைவிழாவில் ஒரே ஒரு மாலை மட்டும் பாடுகிறார்கள்.

செப்டம்பரில் அக்கா ஜெயபுராவுக்குப் போகிறாள். அத்தானுக்கு அங்கே மாற்றல். ஜெயபுரா நாட்டின் மறுகோடி. வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் பெரிது.

"நான் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை, நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல நின்னு அவங்களைப் பார்க்கணும்டி. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு" என்றாள்.

கண்டிப்பா பார்க்கிறோம் அக்கா. இது என் பொறுப்பு.

ஜூன் 11, புதன்

டிக்கெட் விதிமுறைகளைப் படித்தேன். எங்கள் அலுவலகத்தையே வெட்கப்பட வைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரிந்தது.

விற்பனை ஜூன் 19, வியாழன், காலை பத்து மணி. (வேலைக்குப் போகிறவன் எவனும் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான்.) வாங்க வேண்டுமானால் இணைய வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்க 'காத்திருப்பு அறை'க்குள் போக வேண்டும். அந்த அறைக்குள் போக முன்பதிவு. முன்பதிவுக்குக் கூட்டம் அதிகமாம், அதனால் முன்பதிவுக்கு ஒரு வரிசை. காத்திருப்பு அறைக்கு முந்தைய காத்திருப்பு அறை! திரையில் ஒரு குட்டி மனிதன் நடந்துகொண்டே இருக்கிறான். கீழே ஒரு வாசகம்: "நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள். நிதானமாக மூச்சு விடுங்கள். தண்ணீர் குடியுங்கள்." எங்கள் ஹாலில் இதை எழுதி மாட்டினால் என்னை அடிப்பார்கள்.

ஒருவர் நான்கு டிக்கெட் வரை வாங்கலாம். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அடையாள அட்டை எண் தர வேண்டும். அதை அரசாங்கப் பதிவேட்டோடு அங்கேயே ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். பெயரை அப்புறம் மாற்ற முடியாது. வாசலில் அட்டையையும் முகத்தையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

பதிவேடா? அட, பதிவேடே நான்தானே! இதில் எனக்கென்ன பயம்.

ஜூன் 12, வியாழன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அஞ்சாரிடம் சொன்னேன். அஞ்சாரிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று.

சாப்பாட்டுக்குப் பிறகு பிரிவுத் தலைவர் பாக் த்ரியோனோ (பாக் என்றால் ஐயா) என் மேஜைக்கு வந்தார். உத்தரவு போட வரும்போது உட்காரமாட்டார், உபகாரம் கேட்க வந்தால் உட்காருவார். உட்கார்ந்தார்.

"லாரஸ், நீ எப்படியும் வாங்கத்தானே போற?"

"ஆமாம் பாக்."

"அப்படியே என் பொண்ணுக்கும் மாப்பிள்ளைப் பையனுக்கும் ரெண்டு சேர்த்துப் போட்டுரேன். உனக்குத் தொந்தரவு இல்லேன்னாதான். தொந்தரவுன்னா விட்டுரு."

தொந்தரவு என்று சொல்ல எந்த அம்மா பெற்ற பிள்ளைக்கு வாய் வரும்? "இங்கி" என்றேன்.

இந்த 'இங்கி'யால்தான் ஜாவாக்காரர்கள் உருப்படாமல் போகிறோம். அகராதியில் அதற்கு 'ஆமாம்' என்று போட்டிருக்கும். சோலோவில் அதற்கு 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்றுதான் பொருள். சொல்கிறவர் ஒரு பொருளில் சொல்வார், கேட்கிறவர் இன்னொரு பொருளில் எடுத்துக்கொண்டு போவார். இரண்டு பேருமே மரியாதையாகப் பிரிவார்கள்.

போகட்டும். நான்கில் இரண்டு பாக்குக்கு. இரண்டு எங்களுக்கு. கணக்கு சரியாகத்தான் வருகிறது.

ஜூன் 14, சனி

கணக்கு சரியாக வரவில்லை. வீட்டுக்கார அம்மா தன் தம்பிக்கு ஒன்று கேட்டாள். இங்கி. பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார், என் வாயிலிருந்து வந்த சத்தத்தை அவரே இங்கி என்று எடுத்துக்கொண்டார். சலவைக் கடைக்காரி தன் மகளுக்கும் மகளின் தோழிக்கும் கேட்டாள். போகிறவளிடம் "எனக்கும் ஒண்ணு" என்று சொல்லாவிட்டால் இந்த ஊரில் யாருக்கும் தூக்கம் வராது. கடைக்குப் போனாலும் சரி, மெக்காவுக்குப் போனாலும் சரி.

நாலு டிக்கெட்டுக்கு ஒரு கல்யாணப் பந்தியே சேர்ந்துவிட்டது. அடியே லாரஸ், 'முடியாது' என்று ஒரு சொல் இருக்கிறதடி.

ஜூன் 17, செவ்வாய்

இன்று அக்காவுக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன்.

அத்தானும் பையனும் ஜூலையிலேயே ஜெயபுராவுக்குப் போகிறார்கள், பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்குக் குடும்ப அட்டையை அங்கே மாற்றியாக வேண்டும். அக்கா காலையில் கோப்போடு வந்தாள். அடுக்கைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"இது எப்போடி என் முறை வரும்?"

"முறைப்படி வெள்ளிக்கிழமை. நான் எதுக்கு இருக்கேன்? குடு."

ரோஜிகினின் கோப்பு அடியிலிருந்து ஒருவழியாக மேலே வந்திருந்தது. அதற்கும் மேலே அக்காவின் கோப்பை வைத்தேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் முழுக் குடும்பத்தையும் சோலோவிலிருந்து விடுவித்து அனுப்பிவிட்டேன். உள்ளே ஆள் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா எனக்கு நாசி லிவெட் சோற்றுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். தேங்காய்ப் பால் மணக்க மணக்கச் சாப்பிட்டேன்.

ரோஜிகினுக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். வியாழக்கிழமையே வருகிறேன் என்றார்.

ஜூன் 18, புதன்

அஞ்சார் தனக்கு டிக்கெட் வாங்கக் கூலிக்கு ஆள் பிடித்திருக்கிறான். வரிசையில் நமக்குப் பதிலாக நிற்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்களாம். "கைதேர்ந்தவன்கா. ஒரு தடவைகூடத் தோத்ததில்ல" என்கிறான். பெயர் என்ன என்று கேட்டேன். தெரியாதாம்.

ஜூன் 19, வியாழன்

எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

பத்து அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பலகையை எடுத்து வைத்தோம். நெட்வொர்க் கோளாறு. ஹால் நிறைய ஆட்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. என்ன பொறுமையான சனங்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், அவர்களும் போனில் அதே குட்டி மனிதனைத்தான் வெறித்துக்கொண்டிருந்தார்கள். கவுண்ட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரிசை. சுதந்திரம் வாங்கியதிலிருந்து இப்படி ஓர் ஒற்றுமை எங்கள் அலுவலகத்தில் நடந்ததில்லை.

பாக் த்ரியோனோ வாழைப்பழ பஜ்ஜி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். அலுவலகத்தின் இணைப்பில் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். தோட்டக்காரர்கூட.

பத்து மணி. எனக்கு முன்னால் ஐம்பதாயிரம் பேருக்கு மேல். குட்டி மனிதன் நடந்தான். நின்றான். நடந்தான். மூச்சு விட்டேன், தண்ணீர் குடித்தேன். அக்கா ஒரு செய்தி அனுப்பினாள்: "என்னாச்சு?" ஐந்து நிமிடம் கழித்து: "என்னாச்சுடி?" அப்புறம் வெறும் கேள்விக்குறி.

பதினொன்றரை மணிவாக்கில் திரை பச்சையானது. "உங்கள் முறை! பத்து நிமிடத்தில் முடிக்கவும்." கத்திவிட்டேன். அலுவலகமே என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

என் எண் போட்டேன். பச்சை. பாக்கின் மகள். பச்சை. மாப்பிள்ளைப் பையன். பச்சை. வூரி அக்கா.

சிவப்பு.

தப்பாக அடித்துவிட்டேன் என்று மறுபடியும் அடித்தேன். சிவப்பு. கீழே ஒரு வரி: "இந்த எண்ணுக்கு உரியவர் தற்போது எந்த வட்டாரத்திலும் வசிக்கவில்லை."

எந்த வட்டாரத்திலும் இல்லையா? பின்னே ஆகாயத்திலா இருக்கிறாள்? — ஆமாம். ஆகாயத்தில்தான். நான்தான் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை சோலோவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன், ஜெயபுராவில் அத்தான் போய்ச் சொல்லும்வரை அவர்கள் சேர்க்கமாட்டார்கள். முறைப்படி கோப்பு அடுக்கில் கிடந்திருந்தால் நாளைக்குத்தான் எடுத்திருப்பேன். இன்று அவள் சோலோக்காரியாக இருந்திருப்பாள். இன்று அவளுக்கு டிக்கெட் கிடைத்திருக்கும்!

இடமாற்றத்தை ரத்து செய்ய எனக்கு அதிகாரம் உண்டு, ஐந்து நிமிட வேலை. கம்ப்யூட்டரில் திறந்தேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் இருக்கும் அத்தனை பேரும் இணைப்பில் தொங்கிக்கொண்டிருந்தால் எப்படித் திறக்கும்? அந்தப் பலகை வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை சொன்னது.

"எல்லாரும் நெட்டை விடுங்க! ரெண்டே நிமிஷம்! தயவுசெஞ்சு!"

ஒருத்தரும் அசையவில்லை. "அக்கா, நான் பாதி வரிசை வந்துட்டேன்கா" என்றான் அஞ்சார். கூலிக்கு ஆள் பிடித்தவன் நீ ஏண்டா நிற்கிறாய் என்று கேட்கக்கூட நேரமில்லை. தோட்டக்காரர் மட்டும் போனைச் சட்டைப் பையில் போட்டார். அவருக்கு ஏற்கெனவே தொடர்பு அறுந்துபோயிருந்ததாம்.

பாக் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "லாரஸ், என் பொண்ணோடது பச்சை காட்டுதில்ல? அப்போ பணத்தைக் கட்டிரும்மா. உங்கக்காவுக்கு அப்புறம் பார்த்துக்கலாம். தொந்தரவு இல்லேன்னாதான்."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் 'முடியாது, பொறுங்க' என்று சொல்லியிருக்கணும். சொல்லியிருக்கலாம். என்ன பண்ணிருவார்? தலையையா எடுத்துருவார்? இங்கின்னு சொன்னேன். பணம் கட்டும் பொத்தானை அழுத்தினேன். மூணு டிக்கெட். எனக்கும், எனக்கு முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேருக்கும்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

அதே நேரத்தில் ஹாலிலிருந்து ரோஜிகின் ஓடி வந்தார். "மேடம், எங்களுக்கு நாலும் கிடைச்சிருச்சு! இங்க கோளாறுன்னு எழுதி வச்சிருக்கீங்க, ஹால்ல இருக்கிற இலவச நெட் என்னமா பறக்குது!"

குழந்தையின் பெயரை இன்று சேர்த்துக் கொடுத்தேன். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அக்கா "பரவாயில்லைடி" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

அஞ்சாரின் கதை வெளியே வந்துவிட்டது. அவன் பிடித்த கைதேர்ந்தவன், வேலையை இன்னொருவனிடம் தள்ளியிருக்கிறான். அவன் இன்னொருவனிடம். அவன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் "வரிசையில் நிற்க ஆள் தேவை" என்று போட்டிருக்கிறான். அந்தக் குழுவில் கைச்செலவுக்காக அஞ்சாரும் இருக்கிறான். ஆர்டரை எடுத்திருக்கிறான். அதாவது வியாழக்கிழமை அவன் யாருக்கோ கூலிக்கு நின்றுகொண்டிருந்தான், அந்த யாரோ அவனேதான். டிக்கெட்டும் கிடைக்கவில்லை.

"அப்போ உனக்குக் கூலி?" என்று கேட்டேன்.

"கமிஷன் போக வந்துச்சுக்கா" என்றான்.

சிரித்தேன். வியாழனுக்குப் பிறகு முதல் தடவை. சிரித்து முடித்ததும் அக்கா ஞாபகம் வந்தது.

ஜூலை 12, சனி

அத்தானும் பையனும் கிளம்பிவிட்டார்கள். வீட்டை விற்க அக்கா மட்டும் இருக்கிறாள். நான்காவது டிக்கெட்டுக்கு விழாக்காரர்களுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்: "உங்கள் மடல் வரிசையில் உள்ளது."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பாக் த்ரியோனோ மறுபடியும் வந்து உட்கார்ந்தார்.

மகளின் நிச்சயதார்த்தம் முறிந்துவிட்டதாம். பையன் சரியில்லையாம். பெண் இசைவிழாவுக்குப் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாளாம். "டிக்கெட் சும்மா கிடக்கு. உங்கக்காவைக் கூட்டிட்டுப் போயேன்."

"பேரை மாத்த முடியாதே பாக். வாசல்ல அட்டையைப் பார்ப்பாங்க."

அறைக்கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். "அட்டை எங்கேர்ந்து வருது லாரஸ்? இந்த மெஷின்லேர்ந்துதானே? என் பொண்ணு பேரு, உங்கக்கா போட்டோ. ஒரு ராத்திரி. மறுநாள் கிழிச்சுப் போட்டுரலாம்."

இங்கி என்றேன். இந்தத் தடவை அதற்குச் சோலோ அர்த்தம் மட்டும்தான்.

ஆனால் சும்மா எழுதக் கூடாது, உண்மையை எழுதணும். அவர் போன பிறகு வெற்று அட்டை ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? வேலை போகும். ஜெயிலுக்கும் போவ. ஜெயபுராவுலேர்ந்து நான் வந்து சோறு கொண்டாந்து குடுக்கணுமா?"

"அப்போ நானும் போகல."

"நீ போற. போயி நல்லா பார்த்துட்டு வந்து எனக்கு ஒண்ணு விடாம சொல்ற. போகலேன்னா உன்கூடப் பேசமாட்டேன், ஆமா."

அட்டையைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்று விரல் விறைத்துக் கிடந்தது.

தவாங்மாங்குவுக்கு ஸ்கூட்டரில் போனேன். மூன்று மணிக்கே போய்விட்டேன். மூன்று வாசல். ஒன்று விளம்பரதாரர்களின் விருந்தினர்களுக்கு, அங்கே ஈகூட இல்லை. ஒன்று யாருக்கு என்று காவலாளிக்கே தெரியவில்லை. மூன்றாவது, 'சரிபார்க்கப்பட்ட டிக்கெட்தாரர்கள்'. அதில் மலையைச் சுற்றி வரிசை.

வரிசை நகரவேயில்லை. ஒவ்வொரு அட்டையாக வைத்து, ஒவ்வொரு முகமாகக் காட்டி, எந்திரம் யோசித்து யோசித்து விட்டது. மேஜையில் இருந்த பெண் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்: "லோட் ஆகுதுங்க. கொஞ்சம் பொறுங்க." அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. பிறகு எனக்கே அந்த அறை விழுந்தது போலவும் இருந்தது.

மூடுபனி இறங்கியது. முன்னால் நிற்பவன் முதுகு மட்டும் தெரிந்தது. ஏழு மணிக்குச் சாண்டால் செலென் ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே இருந்து கேட்டால் டும் டும் என்று யாரோ சுவரை இடிப்பது மாதிரி இருந்தது. எந்தப் பாட்டு என்றுகூடத் தெரியவில்லை.

அப்போது முட்டைக்கோஸ் தோட்டத்துப் பக்கம் பெரிய சத்தம். தகரவேலி சாய்ந்துவிட்டது என்றார்கள். டிக்கெட் இல்லாமல் வெளியே நின்றவர்கள் அப்படியே உள்ளே போகிறார்கள் என்றார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெண் கேட்டாள், "நாமளும் அந்தப் பக்கமா போயிரலாமா?"

"டிக்கெட் இருக்கே. வரிசையை விட்டுட்டா இடம் போயிருமே" என்றேன்.

சொன்னேனே! நானேதான் சொன்னேன். எங்கள் வரிசையில் நின்ற ஒருவர்கூட நகரவில்லை. சரிபார்க்கப்பட்டவர்கள் அல்லவா.

என் அட்டை பச்சை காட்டியபோது கடைசிப் பாட்டு ஆரம்பித்திருந்தது. ஓடினேன். தலைகளுக்கு மேலே, மூடுபனிக்குள், சின்னதாக நான்கு பேர். நால்வருக்கும் வயிறு வந்துவிட்டது. பாடகருக்கு முடி இல்லை. ஆனால் அந்தக் குரல் அப்படியே இருந்தது. கூட்டமே சேர்ந்து பாடியது. நானும் பாடினேன், அழுதேன், என் பக்கத்தில் யாரோ ஒரு தடியன் நின்றான், அவனும் அழுதான். அக்கா நிற்க வேண்டிய இடத்தில் அவன் நின்றான். அவ்வளவுதான். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தேன். இஞ்சிச் சாறு விற்கிறவரின் பெஞ்சில், முழங்கால்வரை சேற்றோடு, கையில் சூடான கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள் வூரி அக்கா.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று கத்தினாள்.

"நீ எங்கேர்ந்து வந்த?"

"பஸ்ல வந்தேன். வேலிக்கு வெளிய நின்னாவது கேட்கலாம்னு. உன்கிட்ட சொன்னா நீயும் வெளிய வந்து நிப்ப, அதான் சொல்லல. கோஸ் தோட்டத்துல நின்னுக்கிட்டிருந்தேன், திடீர்னு வேலி போச்சு, பின்னாடி இருந்தவன் தள்ளுனான், நான் முன்னாடி இருந்தவளைத் தள்ளுனேன், கண்ணைத் திறந்தா மேடை! கைநீட்டினா எட்டும்டி! எல்லாத்தையும் பார்த்தேன்!"

பதிவேடு சிவப்பு காட்டியவள், டிக்கெட் இல்லாதவள், மேடையருகே நின்று முழுக் கச்சேரியும் பார்த்திருக்கிறாள். நான் மூன்று டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பனியில் விறைத்திருக்கிறேன். சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை.

"அப்போ கடைசிப் பாட்டு எப்படி இருந்துச்சு பார்த்தியா?" என்று கேட்டேன்.

அவள் கிண்ணத்துக்குள் பார்த்தாள். "அது பார்க்கல."

"ஏன்?"

"உன்னைத் தேடிக்கிட்டு வெளிய வந்துட்டேன். டிக்கெட் வரிசை இன்னும் நிக்குதுன்னு ஒருத்தன் சொன்னான். நீ சாமானியமா வரிசையை விட்டு வரமாட்டேன்னு எனக்குத் தெரியாதா? இழுத்துட்டுப் போலாம்னு வந்தேன். பனியில ஒருத்தர் மூஞ்சியும் தெரியல. லாரஸ் லாரஸ்னு கத்துனேன். திரும்பிப் போனா, வேலிகிட்ட போலீஸ் நிக்கிது. விடல."

நான் உள்ளே ஓடிய நேரத்தில்தான் அவள் வெளியே வந்திருக்கிறாள். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். சாறு ஆறிப்போயிருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பாக் த்ரியோனோ கேட்டார், "விழா நல்லா இருந்துச்சா?" இங்கி.

அடுத்த மாதம் வேறு ஏதோ கச்சேரி, பெண்ணுக்கு மனசு தேறிவிட்டதாம், இரண்டு டிக்கெட் பார்த்துக்கொடுக்க முடியுமா என்றார். தொந்தரவு இல்லையென்றால்தான்.

"தொந்தரவுதான் பாக்" என்றேன்.

அவர் எழுந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அஞ்சார் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 1, திங்கள்

அக்காவை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

காரில் போகும்போது அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதல் பாட்டிலிருந்து. யார் எந்தச் சட்டை போட்டிருந்தார்கள், எந்த இடத்தில் கிட்டார்க்காரர் தவறவிட்டார், பாடகர் எப்போது தண்ணீர் குடித்தார், ஒன்று விடாமல். முந்தின நாட்களில் பெட்டி கட்டும்போது எத்தனையோ தடவை கேட்டும் சொல்லாமல் வைத்திருந்தாள். கடைசிப் பாட்டு வந்ததும் நிறுத்தினாள்.

"இனிமே நீ சொல்லு."

சொன்னேன். சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை, அதனால் பாடியே காட்டினேன். கூட்டம் எங்கே சேர்ந்துகொண்டது, அந்தத் தடியன் எங்கே அழுதான், எல்லாம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். டிரைவர் ரேடியோவை அணைத்துவிட்டார். பாட்டு முடிந்ததும், "மறுபடியும் ஒரு தடவை" என்றாள். பாடினேன்.

"இப்போ பார்த்தாச்சு" என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்து முழுசா பார்த்தாச்சு." என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

நிலையத்துக்குள் போகும்போது வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசை நீளமாக இருக்கணும் என்று வேண்டிக்கொண்டேன். வளைந்து வளைந்து, நகராமல், எந்திரம் சுற்றிக்கொண்டே, கவுண்ட்டரில் இருப்பவள் "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கணும் என்று.

மூன்று பேர்தான் நின்றார்கள்.